தண்ணி விட்டாச்சா?

ஆகஸ்ட் 21, வெள்ளி

விடியலில் தூறல். எட்டு மணிக்கெல்லாம் சுள்ளென்று வெயில். இன்ஜின் தூக்கும் செயின் பிளாக்கைத் தொங்கவிட மூன்று சவுக்குக் கழிகள் வாங்கி வந்து ஷெட்டில் சாத்தினேன்.

ஜீப் வந்து சேர்ந்தது. ஓடி வரவில்லை, டிராக்டர் இழுத்து வந்தது. ஏலத்தில் எடுத்த பழைய சர்க்கார் ஜீப். பெட்ரோல் இன்ஜின். குடிகாரன் தோற்றான், திருத்துறைப்பூண்டி தாண்டுவதற்குள் டேங்க் காலியாகிவிடுமாம். போன மாதத்தோடு அந்த ஓட்டமும் நின்றுபோனது. பாடி பரவாயில்லை. நாலு சக்கரமும் இழுக்கிற கியர் கல்லு மாதிரி இருக்கிறது. கால் வைக்கிற இடத்தில் ஓட்டை. அதன் வழியே ரோடு தெரிகிறது.

வண்டிக்காரர் செல்வராசு அண்ணன். கடைமடைப் பக்கம். அப்பா காலம் வரைக்கும் அடுத்தவர் வயலில் கூலி வேலை, இவர் தலையெடுத்துத்தான் சொந்த நிலம். வயலுக்குப் போக வாய்க்கால் கரை ஒன்றுதான் வழி. டிராக்டர் பெட்டி போகாத அகலம். சம்பா நடவுக்கு நாற்று, ஆள், உரம் எல்லாம் ஜீப்பில்தான் போகணும் என்று ஒரே பிடிவாதம். டீசல் இன்ஜின் மாற்றித் தர முடியுமா என்றார். முடியும் என்றேன். என் வாய் எப்போதும் முந்திரிக்கொட்டை.

"தண்ணி கடைமடைக்கு வர்றதுக்குள்ள வண்டி ரெடியாயிடுமா பாய்?"

"ஆயிடும்ணே. தண்ணி எப்ப வரும்?"

"அது யாருக்குத் தெரியும்? வந்தாத்தான் வந்துச்சுன்னு."

ஜும்ஆ தொழுதுவிட்டு வெளியே வந்தால் செருப்பு மாட்டுவதற்குள் நாலு பேர். எப்ப வந்தீங்க, எப்ப போறீங்க? பதிலுக்குக்கூட நிற்பதில்லை. சபுராளி, வெளிநாடு போய் வருகிறவன், என்று ஒருத்தனுக்குப் பேர் வந்துவிட்டால் ஊரில் இருக்கிற நாளிலும் அவன் போகப்போகிறவன்தான். சிரித்து வைத்தேன்.

விஷயம் இதுதான். சவூதியில், தம்மாம் கராஜில் எனக்கு லீவு செப்டம்பர் 20 வரை. அதற்குள் போய் இறங்காவிட்டால் விசா செல்லாது. போகவா, இங்கேயே பட்டறை போட்டு உட்காரவா என்று நூருவிடம் போன வாரம் கேட்டேன். என் மனைவி நூர்ஜஹான், கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லிப் பழக்கமில்லாதவள்.

"நான் சொல்லி நீங்க இருந்துட்டு, நாளைக்கு ஒண்ணும் ஓடலன்னா என் தலையில போடுவீங்க. ஒரு வண்டி. ஒரே ஒரு வண்டிய முழுசா செஞ்சு ஓட்டிக் காட்டுங்க. அப்பறம் நானே சொல்றேன் போவாதீங்கன்னு. அதுவரைக்கும் வாயத் தொறக்க மாட்டேன்."

வாயைத் திறக்க மாட்டாளாம். அதைச் சொல்லிவிட்டு மிக்ஸி ரிப்பேர், கேபிள்காரன், மாவு மில் கூட்டம் என்று தூங்கும்வரை பேசினாள்.

ஆக, இந்த ஜீப்தான்.

ஆகஸ்ட் 23, ஞாயிறு

மேகமூட்டம். இன்ஜின் எடுக்க வேளாங்கண்ணிப் பக்கம் போனோம், செல்வராசு அண்ணனும் (இனிமேல் செ.) நானும். கோயிலுக்கு ஆள் ஏற்றி ஓடிய டீசல் வேன். பின்னால் லாரி இடித்து பின்பாதி அப்பளம். முன்பாதியில் ஒரு கீறல் இல்லை.

வேன்காரர் அந்தோணிசாமிக்கு விற்கவும் வேண்டும், விற்கவும் மனசில்லை. பக்கத்து வீட்டு பேட்டரியை வைத்து அங்கேயே ஸ்டார்ட் பண்ணிக் காட்டச் சொன்னேன். ஒரே அடியில் பிடித்துக்கொண்டது. ஆயில் ஊற்றுகிற மூடியைத் திறந்து உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். காற்று தள்ளவில்லை. உள்ளே தேய்மானம் இல்லை என்று அர்த்தம். புகையும் வெளுப்பாக இல்லை. செ.வைப் பார்த்துக் கண்ணைக் காட்டினேன். அவர் அது புரியாமல் "என்ன பாய், தூசியா?" என்று சத்தமாகக் கேட்டு மானத்தை வாங்கினார்.

இறக்கி, வைக்கோல் பரப்பி டிராக்டர் பெட்டியில் ஏற்றி வைத்தோம். அந்தோணிசாமி கடைசியாக ஒரு துணியால் அதைத் துடைத்தார்.

"பாத்து ஓட்டுங்க. ஒரு நாளு கூட நடுவழியில நிறுத்துனதில்ல."

வழியில் மீன் சாப்பாடு. மத்தி வறுவல். தம்மாமில் இத்தனை வருஷம் கோழி தின்று தின்று நாக்கு செத்துப்போயிருந்தது. செ. தன் துண்டையும் எனக்கே தள்ளினார். நல்ல மனுஷன்.

ஆகஸ்ட் 25, செவ்வாய்

வெயில். பழைய இன்ஜினைக் கழற்றி வெளியே எடுத்தாச்சு. கழிகளை மேலே சேர்த்துக் கட்டி, செயின் போட்டுத் தூக்கினோம். பாதியில் ஒரு கழி மண்ணில் இறங்கியது. செ. ஓடிப்போய்த் தோள் கொடுத்தார். திட்டினேன். இன்ஜின் விழுந்தால் வேறு வாங்கலாம், செல்வராசுக்கு மாற்று எந்த ஊரில் கிடைக்கும்?

சீட்டுக்கு அடியில் கிடைத்தவை: எலிக்கூடு, ஒரு வளையல் துண்டு, காய்ந்த எலுமிச்சம்பழம், பைல் கட்டுகிற சிவப்பு நாடா, யாரோ ஆபீசரின் ஒற்றைச் செருப்பு.

செருப்பை செ. கையில் எடுத்து ரொம்ப நேரம் பார்த்தார்.

"சின்னப் புள்ளயில இந்த ஜீப்பு வர்ற சத்தம் கேட்டா கரைய விட்டு எறங்கி சேத்துல நிப்போம் பாய். மேலெல்லாம் அடிச்சிட்டுப் போவும்."

"இதே ஜீப்பா?"

"நம்பர் அதேதான். அதுக்குத்தான ஏலத்துல விடாம நின்னேன்."

"இனிமே நீங்க யாரு மேல சேறு அடிக்கப் போறீங்க?"

"அதுக்கு மொதல்ல ஓடணும்ல," என்று சிரித்தார். செருப்பைத் தூக்கிக் குப்பையில் போட்டார்.

சாயங்காலம் நூரு தேநீர் கொண்டுவந்து காலி ஜீப்பை எட்டிப் பார்த்தாள். "உள்ள ஒண்ணுமே இல்லியே" என்றாள். இனிமேல்தான் என்றேன். கிரீஸ் வாசம், சவுக்குக் கழி வாசம், இஞ்சி தேநீர். மனசு நிறைந்திருந்தது. இதை எழுதி வைக்கணும் என்று தோன்றியது, எழுதிவிட்டேன்.

ஆகஸ்ட் 28, வெள்ளி

காற்று. எதிர்பார்த்த தலைவலி. வேன் இன்ஜின் பின்பக்கத்து போல்ட் ஓட்டையும் ஜீப் கியர் பாக்ஸ் ஓட்டையும் மாமியார் மருமகள் மாதிரி, ஒன்று ஒன்றோடு சேராது. நடுவில் ஓர் இரும்புத் தட்டு போட்டு இரண்டையும் சமாதானம் பண்ணணும். தம்மாமில் என்றால் பார்ட் நம்பர் சொன்னால் போதும், மறுநாள் பெட்டியில் வந்துவிடும். இங்கே நாமே செய்துகொள்ள வேண்டியது. எனக்கு இதுதான் பிடிக்கிறது, யாரிடமும் சொல்லவில்லை.

காலண்டர் அட்டையில் ஓட்டைகளை அச்செடுத்து, பஸ்ஸில் மன்னார்குடி லேத்துக்குக் கொண்டுபோனேன். அட்டையின் மறுபக்கம் லட்சுமி படம். லேத்காரர் கும்பிட்டுவிட்டுத்தான் திருப்பினார். தட்டு கனம். திரும்பும்போது பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். பக்கத்து சீட்டு அம்மா கேட்டது:

"எந்த ஊரு தம்பி இம்மாம் பெரிய தோசக்கல்லு?"

கல்யாண ஆர்டர் என்றேன். நம்பிவிட்டது.

ஆகஸ்ட் 30, ஞாயிறு

காலையில் மழை, பிறகு புழுக்கம். தட்டு அச்சாக உட்கார்ந்தது. இன்ஜினை மெதுவாக இறக்கினோம். இறங்கியது, இறங்கியது, டங். அடியில் இருக்கிற ஆயில் தொட்டி முன் ஆக்சிலில் இடிக்கிறது. ஓர் அங்குலம்கூட இல்லை, ஆனால் இடிக்கிறது.

ஸ்பேனரை வீசினேன். செ. அதை எடுத்து வந்து கையில் கொடுத்தார். என் கோபத்துக்கு ஆயுள் ஒரு பீடி நேரம்தான், நான் பீடி குடிப்பதுகூட இல்லை. மவுண்டிங் கட்டைகளை உயர்த்தி வெல்டிங் வைத்து, கீழே கனத்த ரப்பர் கொடுத்து இன்ஜினைத் தூக்கி உட்கார வைத்தேன். சரி. இப்போது பானெட் மூடவில்லை. டிங்கர் ஆளைக் கூப்பிட்டு பானெட்டைத் தட்டி மேலே ஒரு புடைப்பு எடுத்தோம்.

"அசிங்கமா இருக்காண்ணே?"

"இருக்கட்டும் பாய். கொஞ்சம் தல நிமிந்துதான் இருக்கட்டுமே."

செப்டம்பர் 1, செவ்வாய்

வெயில். எஸ்.டி.டி. பூத்திலிருந்து ஆள் வந்தது, போன் என்று. தம்மாமிலிருந்து ரஹீம். கும்பகோணத்துக்காரன், ஒரே அறை, பக்கத்துக் கட்டில்.

"எப்ப வர்றே? ஃபோர்மேன் தெனம் கேக்குறாரு. உன் கட்டில்ல ஒரு பெங்காலிப் பையன் படுக்க ஆரம்பிச்சிட்டான். தலகாணிய மட்டும் நான் எடுத்து வச்சிருக்கேன்."

இன்னும் முடிவு பண்ணலடா என்றேன். "இருந்துடு மாப்ள. முடிஞ்சா இருந்துடு" என்றான். அவனுக்கு மூன்று தங்கைகள். அவனால் முடியாது.

வீட்டுக்கு வந்தால் மகள் சல்மா வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டே, தலையைத் தூக்காமல்:

"எப்ப அத்தா போறீங்க?"

"ஏம்மா?"

"போனாத்தான வருவீங்க? வரும்போது கலர் பென்சில். பெரிய டப்பா."

அவளுக்கு அத்தா என்றால் வருகிற ஆள். இருக்கிற ஆள் இல்லை. கொல்லைப்பக்கம் போய் முகம் கழுவிவிட்டு வந்தேன். கலர் பென்சில் நாளைக்கே பஜாரில் வாங்கித் தரலாம். தருவதா வேண்டாமா என்று தெரியவில்லை.

செப்டம்பர் 2, புதன்

இன்ஜின், கியர் பாக்ஸ், கிளட்ச், எல்லாம் சேர்ந்தாச்சு. புது டீசல் லைன் போட்டு அதில் காற்று எடுத்தாச்சு. சைலன்சர் வளைத்து மாட்டியாச்சு.

பாக்கி:
ஹீட்டர் பிளக் வயர்
ஆக்சிலேட்டர் கேபிள்
ஹீட் மீட்டர் (பழைய மீட்டர் இதற்குச் சேரவில்லை, பிறகு பார்க்கலாம்)
ரேடியேட்டருக்குத் தண்ணீர்
செ.வுக்கு டீசல் வண்டியை எப்படி நிறுத்துவது என்று பாடம்

ஷெட்டு போர்வெல்லில் உப்புத் தண்ணீர். ஊற்றினால் ரேடியேட்டர் அரித்துவிடும். உங்க ஊர் குளத்துத் தண்ணி ரெண்டு கேன் கொண்டுவாங்க என்று செ.விடம் சொல்லி அனுப்பினேன்.

ஊரெல்லாம் ஒரே பேச்சு. கல்லணை திறந்தாச்சு, மன்னார்குடி வந்துட்டு, கோட்டூர் தாண்டிட்டு. டீக்கடையில் இரண்டு பேர் அடிதடிக்கே போய்விட்டார்கள், எந்த மதகில் எத்தனை பலகை எடுத்தான் என்று. எனக்கு வயல் இல்லை. வடையைத் தின்றுவிட்டு வந்தேன்.

செப்டம்பர் 3, வியாழன்

எழுதக் கை வரவில்லை. இருந்தாலும் நடந்தபடியே எழுதுகிறேன்.

நல்ல வெயில். பத்து மணி. வண்டிக்கு அடியில் படுத்துக் கடைசி போல்ட்டை முறுக்கிக்கொண்டிருந்தேன். செ. சைக்கிளில் பறந்து வந்தார். கேரியரில் இரண்டு கேன். வேட்டியில் சேறு, முகமெல்லாம் பல்லு. கேன்களை ஜீப்பின் பின்னால் வைக்கிற சத்தம் கேட்டது. அடியிலிருந்தே கேட்டேன்:

"தண்ணி விட்டாச்சாண்ணே?"

"விட்டாச்சு பாய்! நேத்தே விட்டாச்சு! நல்ல வேகம்!"

நேத்தே, நல்ல வேகம் என்று சொன்னதாவது என் மண்டையில் உறைத்திருக்கக் கூடாதா? உறைக்கவில்லை. வெளியே வந்தேன், பிஸ்மி சொல்லி செல்ஃப் அடித்தேன். மூன்றாவது அடியில் பிடித்தது. அடடா, என்ன சத்தம்! ஷெட்டுத் தகரமெல்லாம் அதிர்ந்தது. செ. என் கையைப் பிடித்துக் குலுக்கு குலுக்கு என்று குலுக்கினார். ஒரு ரவுண்டு போய் வரலாம் என்று மன்னார்குடி ரோட்டில் விட்டோம். மூன்றாவது கியரில் அப்படி ஒரு இழுவை. எங்கள் தெரு வழியாகவே ஓட்டிப் போனேன், நூரு பார்க்கட்டும் என்று வேண்டுமென்றே. ஹாரன் இல்லாததால் கத்திக்கொண்டு போனேன்.

ஊரைத் தாண்டி ஒரு பாலத்துப் பக்கம் வாசம் மாறியது. பெயின்ட் கருகுகிற வாசம். இழுவை குறைந்தது. நானே ஆஃப் பண்ணினேன். மீட்டர் இல்லையே, எந்த முள்ளைப் பார்ப்பது? துணி சுற்றி ரேடியேட்டர் மூடியைத் தொட்டேன். ஆவிகூட வரவில்லை. உள்ளே ஒரு சொட்டு இல்லை.

"தண்ணி விட்டாச்சுன்னீங்களேண்ணே?"

"ஆமா பாய். வாய்க்கால்ல விட்டாச்சு."

இரண்டு பேரும் திரும்பி ஜீப்புக்குள் பார்த்தோம். பின்னால் இரண்டு கேன் நிறையத் தண்ணீர், திறக்காமல். அத்தனை தூரமும் அதைச் சுமந்துகொண்டுதான் காய்ந்த இன்ஜினை ஓட்டியிருக்கிறோம். செ. பதறிப்போய் ஒரு கேனைத் தூக்கினார். வேண்டாம், சூட்டில் ஊற்றினால் இன்ஜின் ஹெட் வெடிக்கும் என்று தடுத்தேன்.

அந்த நேரம் பார்த்து சைக்கிளில் போன ஒரு பெரியவர் காலை ஊன்றி நின்றார்.

"என்ன செல்வராசு, தண்ணி வந்துட்டாமே?"

"வந்துட்டு" என்றார் செ. வேறு என்ன சொல்வார்?

டிராக்டர் தேடிப் பிடித்து இழுத்து வந்தோம். எங்கள் தெரு வழியாகத்தான் திரும்பவும் வரவேண்டியிருந்தது. அப்போது கத்தவில்லை.

செப்டம்பர் 4, வெள்ளி

மந்தாரம். ஹெட்டைக் கழற்றினேன். அதற்கடியில் இருக்கிற கேஸ்கட் தகடு கருகிப்போயிருக்கிறது. ஹெட் லேசாக வளைந்திருக்கிறது. பிஸ்டன், சிலிண்டர் தப்பித்தன, அல்ஹம்துலில்லாஹ். கொஞ்ச தூரம் கூடுதலாக ஓட்டியிருந்தால் அந்தோணிசாமி இன்ஜினைப் பேரீச்சம்பழத்துக்குத்தான் போட்டிருக்கணும்.

ஹெட்டைத் தஞ்சாவூர் அனுப்பி முகம் சீவி வாங்கணும். வர நாளாகும். செ. திட்டுவார் என்று பார்த்தேன். திட்டினால் நன்றாயிருந்திருக்கும்.

"நாத்து முத்த ஆரம்பிச்சிட்டு பாய். ஒரு வாரம் தாங்கும். ஊரு பக்கத்து வயல மொதல்ல நட்டுக்குறேன். கடைசி வயலுக்கு வண்டி வந்தா போதும்."

மத்தியானம் சோற்றுக்கு உட்கார்ந்தேன். எல்லாவற்றையும் நூருவிடம் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டே வந்தாள். வாய்க்கால்ல விட்டாச்சு என்ற இடம் வந்ததும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள் பாருங்கள், கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"சிரிக்காத. அந்த ஆளு ஒழுங்காக் காதுல வாங்கிருந்தா..."

"அவரு மேல என்ன தப்பு? ஆவணி மாசத்துல, இந்தச் சீமையில, ஒரு விவசாயிகிட்ட போயி தண்ணி விட்டாச்சான்னு கேட்டா அவரு வேற என்னத்தச் சொல்லுவாரு? சல்மாகிட்ட கேட்டாலும் ஆத்துத் தண்ணியத்தான் சொல்லுவா. நீங்கதான் ரேடியேட்டர நெனச்சிருக்கீங்க."

சிரிப்பை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தாள்.

"ரொம்ப வருஷம் வெளியிலயே இருந்துட்டீங்க."

சாதாரணமாகத்தான் சொன்னாள். குத்திக்காட்டவில்லை. ஆனால் சொன்னது உண்மை. டீக்கடையில் ஊரே தண்ணீர் தண்ணீர் என்று அடித்துக்கொண்டபோது நான் வடை தின்றுகொண்டிருந்தேன்.

ஒரு வண்டி என்றாளே, அந்தக் கணக்கு போச்சா என்று கேட்டேன்.

"வண்டி இன்னும் முடியலயே" என்று தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

செப்டம்பர் 7, திங்கள்

மழை, நல்ல மழை. ஹெட் வந்தது. கண்ணாடி மாதிரி சீவியிருக்கிறார்கள். அதில் என் முகம் தெரிந்தது, ஷேவ் பண்ணணும். புது கேஸ்கட். போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளியே, வரிசை மாறாமல், மூன்று தடவையாக முறுக்கினேன். அவசரமே படவில்லை. முதல் வேலையாக ஹீட் மீட்டர் மாட்டினேன். அதை டேஷ்போர்டில் நட்டநடுவில், பிள்ளையார் படத்துக்குப் பக்கத்தில், செ.வே இடம் காட்டினார்.

பட்டறைச் சட்டம் ஒன்று போட்டாச்சு. ஆற்றில் விடுவது, ரேடியேட்டரில் ஊற்றுவது. இனிமேல் இந்த ஷெட்டுக்குள் "விட்டாச்சா" என்கிற வார்த்தைக்கே தடை.

செ. பயபக்தியோடு ஒரு கேன் முழுவதையும் ரேடியேட்டரில் ஊற்றினார். ஊற்றிவிட்டு அறிவித்தார்:

"ரேடியேட்டர்ல, குளத்துத் தண்ணி, ஊத்தியாச்சு பாய்."

கோர்ட்டில் சாட்சி சொல்கிற மாதிரி.

ஸ்டார்ட் பண்ணி ஷெட்டிலேயே ரொம்ப நேரம் ஓடவிட்டோம். முள் பாதியில் ஏறி நின்றுகொண்டது. அசையவில்லை. நாங்களும் அசையவில்லை.

செப்டம்பர் 10, வியாழன்

வெளுப்பான வானம், மழை இல்லை. இன்று நடவு. செ.வின் கடைசி வயல்.

நூருவும் சல்மாவும் வந்தார்கள். ஓட்டிக் காட்டச் சொன்னவள் பார்க்க வரவேண்டாமா? சல்மாவுக்கு ஸ்கூல் லீவு போட்டாச்சு, வயிற்று வலி. கேட்டால் அதுதான் பதில்.

பின்னால் நாற்று முடிகளைக் கட்டுக் கட்டாகக் குவித்து, அதன் மேலேயே நடவு ஆட்கள், எல்லாம் பெண்கள். முன்னால் இடம் போதவில்லை. நூரு இறங்கிப் பின்னால் போகப் பார்த்தாள், செ. விடவில்லை.

"நீங்க முன்னாடியே குந்துங்கம்மா. வண்டி செஞ்சவரு வீட்டுக்காரம்மாவ நாத்து மேல வச்சா எங்களுக்குத்தான் பேரு கெடும்."

முதல் பாதி தூரம் நான் ஓட்டினேன். கரை ஆரம்பிக்கிற இடத்தில் செ.விடம் கொடுத்தேன். நேற்று மழையில் கரை களி மாதிரி கிடந்தது. ஒருபக்கம் வாய்க்கால், பழுப்புத் தண்ணீர் நுரை தள்ளிக்கொண்டு போகிறது. நேற்றுவரை எனக்கு அது வெறும் வாய்க்கால். இன்று பார்த்துக்கொண்டே வந்தேன்.

எதிரே வாளியோடு இரண்டு பிள்ளைகள், ஒரு கிழவர். ஜீப்பைப் பார்த்ததும் கரையை விட்டு இறங்கப் போனார்கள். செ. பிரேக்கில் கால் வைத்து மாட்டு வண்டி வேகத்துக்கு வந்துவிட்டார். தலையை வெளியே நீட்டி, "எறங்காதீங்க, சேறு, அங்கயே ஓரமா நில்லுங்க, நான் மெதுவாப் போறேன்" என்றார். மெதுவாகவே போனார். யார் மேலும் ஒரு பொட்டு விழவில்லை. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மதகுக்குப் பக்கத்தில் பின்சக்கரம் புதைந்தது. சுற்றுகிறது, இழுக்கவில்லை. பெண்கள் இறங்க ஆரம்பித்தார்கள். யாரும் எறங்க வேணாம் என்றேன். நாலு சக்கர கியரைப் போடச் சொன்னேன். முதல் கியர், கிளட்சை மெல்ல விடுங்கண்ணே. ஒரு நொடி ஒன்றுமில்லை. பிறகு முன்சக்கரங்கள் பிடித்தன. இன்ஜின் சத்தம் ஆழமாக இறங்க, வண்டி உறுமிக்கொண்டு மேலே ஏறியது. பின்னாலிருந்து எல்லாப் பெண்களும் சேர்ந்து குலவை போட்டார்கள். சல்மாவும் போட்டாள், அவளுக்குத் தெரிந்தவரை.

முள் பாதியிலேயே நின்றது.

வயல் கரையில் இறங்கி நின்று நட ஆரம்பிப்பதைப் பார்த்தோம். செ. ஒரு முடியை எடுத்து என் கையில் கொடுத்து, "மொத முடி நீங்க பிரிங்க பாய்" என்றார். பிரித்தேன். கையில் கிரீஸ், நாற்று வேரில் கறுப்பு.

திரும்பி வந்தோம். வீட்டில் நூரு மீன் குழம்பு வைத்தாள். முதுகு வலிக்கிறது, அந்த சீட்டுக்கு ஸ்பாஞ்ச் போடச் சொல்லுங்க என்றாள். சொல்ல வேண்டியதைச் சொல்லவில்லை. நானாகக் கேட்கப்போவதில்லை.

செப்டம்பர் 12, சனி

வெயில். அவள் இன்னும் சொல்லவில்லை.

கோட்டூர்க்காரர் ஒருவர் தன் ஜீப்பைக் காட்டிவிட்டுப் போனார். செ.வின் வண்டியைக் கரையில் பார்த்தாராம். பானெட்டில் அதே மாதிரி புடைப்பு வேணுமாம். அது புதுமாடல் என்று நினைத்துவிட்டார். இருக்கட்டும்.

டிக்கெட் போட வேண்டுமென்றால் திங்கட்கிழமைக்குள் திருச்சி ஏஜென்டுக்குச் சொல்லணும். மேலே பரணில் இருக்கிற பெரிய பெட்டியைப் பார்த்தேன். நூருவும் நான் பார்ப்பதைப் பார்த்தாள். அப்பளம் பொரிக்கப் போய்விட்டாள். மறந்துவிட்டாளா, மனசு மாறிவிட்டதா? ஒரு வார்த்தை. அதைச் சொல்ல இவளுக்கு என்ன கஷ்டம்?

எனக்குக் கோபம். யார்மேல் என்று தெரியாத கோபம். சல்மாவுக்குப் பஜாரில் கலர் பென்சில் வாங்கிவிட்டேன். பெரிய டப்பா. இன்னும் கொடுக்கவில்லை. மடித்த சட்டைகளுக்கு அடியில் ஒளித்து வைத்திருக்கிறேன்.

செப்டம்பர் 14, திங்கள்

தூறல். காலையிலேயே அந்தோணிசாமியின் ஆள் வந்துவிட்டான். அவருடைய இன்னொரு வேன் வேளாங்கண்ணியில் கோயிலுக்குப் பக்கத்தில் நின்றுபோய்விட்டதாம். அந்த இன்ஜின ஜீப்புல வச்ச பாய கூட்டிட்டு வா என்றாராம்.

கொல்லையில் உட்கார்ந்து ஸ்பேனர்களை மண்ணெண்ணெயில் கழுவிக்கொண்டிருந்தேன். வாசலில் எதிர்வீட்டு ஜைனப் மாமியின் குரல். முருங்கைக்கீரை கேட்டு வந்திருக்கிறார். கீரை கைக்கு வந்ததும் வழக்கமான கேள்வி:

"ஒங்க வூட்டுக்காரரு எப்பம்மா போறாரு?"

ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டேன். நூரு கொல்லை வரைக்கும் கேட்கிற மாதிரி பதில் சொன்னாள், அந்த மாமிக்குக் காது நன்றாகவே கேட்கும்:

"இந்தா, இப்பத்தான் போறாரு மாமி. வேளாங்கண்ணிக்கு. ஒரு வேன் நின்னு போச்சாம். சாயங்காலம் வந்துடுவாரு."